பூஜையில் வைத்த கேம் பெட்டி

என் கை சும்மா இருக்காது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பார்த்தாலே எனக்கு அதில் ஏதோ குறைவதாகத் தோன்றும். திறப்பேன், எதையாவது மாற்றுவேன், அது நின்றுபோகும். மூன்று நாள் மல்லுக்கட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பெரிதாக எதையோ சாதித்தவன் மாதிரி டீ குடிப்பேன். இருபது வருடமாக லினக்ஸ் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து மாற்றக்கூடிய சிஸ்டம். அதில் பாதிக் காலம், நானே கெடுத்ததை நானே சரிசெய்வதில் போயிருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று எங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால், எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும்.

என் கணினியைக் கெடுத்துக்கொண்டிருந்தவரை அது என் பாடு. அக்காவுடையதைக் கெடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அக்கா இருப்பது கிள்ளானில். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அரசாங்கக் கிளினிக்கில் கவுண்டர் வேலை. மூன்று வருடத்துக்கு முன் பாசாரில், மீன் கடைப் பக்கம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, கட்டைவிரல் மட்டும் விறைத்துப்போய் மடங்க மறுத்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அக்கா இரண்டு நாள் அமுக்கினாள், மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அப்போதுதான் என் பழைய கேம் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் பிடித்து விளையாடும் சின்னக் கணினி அது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், கட்டைவிரலால் தள்ளும் குச்சிகள். விரலுக்கு வேலையாவது கிடைக்கட்டும் என்று ஒரு விவசாய விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் அவளிடம் பத்து வரிசை முட்டைக்கோஸ், நான்கு பசு, ஒரு கிணறு. எங்கள் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர்கள் ஆயுசு முழுக்க வெட்டியது அடுத்தவன் மரம், இது என் நிலம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டு ஒரு மணி நேரம் அதில் உட்காருவாள். கட்டைவிரல் மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தது. பயிற்சிப் பெண் பந்தைத்தான் பாராட்டினார், அக்காவும் மறுக்கவில்லை.

அந்த விளையாட்டில் இரண்டு பேர் அவரவர் பெட்டியிலிருந்து ஒரே நிலத்துக்கு வரலாம். ஒருநாள் அக்கா சொன்னாள்: “ஓரமா உனக்கும் ஒரு வீடு கட்டியிருக்கேன்டா. வந்து பாரு.”

இந்த அப்டேட் முடியட்டும் அக்கா, வரேன் என்றேன். ஒன்றரை வருடம் அதையே சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பிளாட்டிலிருந்து நடந்தால் சென்ட்ரல் ஸ்டேஷன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு கொமியூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போவேன். போனதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அக்காவின் பெட்டியைத் திறந்துவிடுவேன். திரை கொஞ்சம் வேகமாக ஓட ஒரு மாற்றம், பேட்டரி அரை மணி கூட நிற்க ஒரு மாற்றம். அவள் எதையும் கேட்டதில்லை. நான் செய்துகொண்டே இருந்தேன். பாசத்தைக் காட்டுவது அப்படித்தான் என்று உண்மையிலேயே நம்பினேன்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. அக்கா வீட்டில் அது பெரிய காரியம். அத்தானுக்குச் சொந்தமாக ஒரு லோரி இருக்கிறது, துறைமுகத்துக்குச் சரக்கு ஓட்டுகிறார். அன்றைக்கு அதைக் கழுவி, மாலை போட்டு, வாசலில் நிறுத்திவிடுவார். எவ்வளவு பெரிய லோட் வந்தாலும் அன்றைக்கு லோரி நகராது. சாமி அறையில் லோரி சாவி, அக்காவின் தையல் மெஷின், கத்தி, அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அந்த வருடம் அந்த வரிசையில் கேம் பெட்டியும் இருந்தது. திரைக்கு மேல் நடுவில் அளவாக ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும்.

தெரிந்தும் எடுத்தேன். வந்தவர்கள் முன்கூடத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரையை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக வந்திருக்கிறது, பத்து நிமிட வேலை, முடித்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டால் சாமிக்கே தெரியாது என்று கணக்குப் போட்டேன். பின் அறைக்கு எடுத்துப் போனேன். நான் முன்பு செய்திருந்த இருபது மாற்றங்களோடு புதியது ஒத்துப்போகவில்லை. திரை கறுத்து, மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பையில் எப்போதும் இருக்கும் யூ.எஸ்.பி.யைச் செருகி, சிஸ்டத்தை முதலிலிருந்து போட ஆரம்பித்தேன். இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று அது கேட்டது. அந்தக் கேள்விக்கு இருபது வருடமாக ஆம் என்று அழுத்திப் பழகிய விரல், கண் படிப்பதற்கு முன்பே அழுத்திவிட்டது.

முட்டைக்கோஸ், பசு, கிணறு, எனக்காகக் கட்டிய வீடு, எல்லாம் போயிற்று. இணையத்தில் நகல் வைக்கும் வசதியையும் நானே அணைத்து வைத்திருந்தேன், வேகம் குறைகிறதாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு கூட மிஞ்சவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை வாங்கிப் பார்த்தாள், குங்குமம் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். “பூஜையில வச்சத ஏன்டா எடுத்த?” அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் உள்ளே போய் எனக்குப் பாயசம் எடுத்துவந்தாள்.

அதன்பிறகு அவள் விளையாடவில்லை. மறுபடி எல்லாம் நட வேண்டுமே, எனக்கு வேண்டாம்லா என்று முடித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, பிஸ்கட் டின்னை இடது கையால் திறந்துகொண்டிருந்தாள். வலது கட்டைவிரல் பழையபடி விறைத்து நின்றது. டின்னை வாங்கி நானே திறந்து கொடுத்தேன். அக்கா மறுபடியும் அந்தப் பெட்டியைக் கையில் எடுப்பாளா மாட்டாளா என்பது ஒன்றுதான் அந்த வருடம் முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது.

ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணக் குடும்பம். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. பதினைந்து வருடமாக ஒரே வகைப் பேனா. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டில் உட்கார்ந்து அவரிடம் நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். எது நல்ல லினக்ஸ், எது வேகமானது, எது கேமுக்கு ஏற்றது என்று அடுக்கினேன். அவர் ரசத்தை முடித்துவிட்டுச் சொன்னார்: “வேகத்தை எல்லாம் பிறகு பார்ப்பம். உமக்கு வேண்டியது உம்மட கைக்கு ஒரு பூட்டு.”

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்ன மாதிரிப் பூட்டு வைத்த லினக்ஸ் வகையைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன், படித்துவிட்டு ஏளனமும் செய்திருந்தேன். மாற்ற முடியாத லினக்ஸ். அடித்தளம் முழுக்கப் பூட்டியிருக்கும், படிக்கலாம், எழுத முடியாது. என் கணினியில் என்னையே உள்ளே விடாத சிஸ்டம் எனக்கு எதற்கு என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் சண்டை போட்டவன் நான். இப்போது அதைத் தேடி நானே போனேன்.

மூன்றை எடுத்துப் பார்த்தேன். முதலாவது, இந்த மாதிரிப் பெட்டிக்கென்றே ஒரு கம்பெனி செய்தது. பெட்டியில் வெண்ணெய் மாதிரி ஓடியது, ஆனால் என் வீட்டு டெஸ்க்டாப்பில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. அது பிறந்ததே கைப்பெட்டிக்காக. இரண்டாவது, கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை எல்லாம் ஒரே கோப்பில் எழுதிக் கொடுத்தால் அதன்படி தன்னைக் கட்டிக்கொள்ளும். அழகுக்குக் குறைவே இல்லை, நான் மயங்கியே போனேன். மூன்று வாரம் அந்தக் கோப்பைத் திருத்தித் திருத்தி எழுதினேன், ஒரு கேம்கூட விளையாடவில்லை. குடிகாரனுக்குக் கள்ளுக்கடையிலேயே வேலை கிடைத்த கதை. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டேன்.

மூன்றாவதுதான் நிலைத்தது. முகம் தெரியாத சிலர் சேர்ந்து, கேம் விளையாடுகிறவர்களுக்காகக் கட்டியது. கைப்பெட்டிக்கு ஒரு வடிவம், திறந்தால் நேரே விளையாட்டுத் திரை. டெஸ்க்டாப்புக்கு இன்னொரு வடிவம், அடியில் இரண்டும் ஒன்றே. செயலிகள் தமக்கு வேண்டியதைத் தாமே கட்டிக்கொண்டு வரும், அடித்தளத்தில் கை வைக்காது. விளையாடியதும் சேமித்ததும் தனி அறையில் இருக்கும். அப்டேட் வந்தால் துண்டு துண்டாக எதையும் மாற்றாது. புதிய சிஸ்டம் முழுசாக வந்து பழையதன் பக்கத்தில் உட்காரும். அடுத்த முறை திறக்கும்போது புதியது எழும். அது சரியில்லையா, ஆரம்பத்தில் வரும் பட்டியலில் இரண்டாவது வரியை அழுத்தினால் நேற்றைய சிஸ்டம் அப்படியே எழுந்து வரும். இதற்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று நினைத்து நினைத்து வியந்தேன். புதியது தோற்கலாம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கு மேல் கட்டியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களையும் அவர்கள் எங்கோ பார்த்திருக்க வேண்டும்.

நம்பாமல் சோதித்தேன். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க என் டெஸ்க்டாப்பைக் கெடுக்க முயன்றேன். சிஸ்டத்தின் கோப்புகளை அழிக்கக் கட்டளை கொடுத்தேன். படிக்க மட்டுமே என்று ஒரே வரியில் மறுத்தது. எல்லா உரிமையும் உள்ள அதிகாரியாக மாறிக் கொடுத்தேன், அதே வரி. அப்புறம்தான் பக்கவாசல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். அடித்தளத்தின் மேல் நமக்கு வேண்டியதைச் சேர்த்து ஒட்டவைக்கலாம். விடுவேனா? ஒரே வாரத்தில் பதினொன்றை ஒட்டினேன். அடுத்த அப்டேட் மூச்சுத் திணறி, முடியவில்லை என்று நின்றது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஒட்டியதையெல்லாம் எடுக்க ஒரே ஒரு கட்டளை. கொடுத்து, மறுபடி திறந்தேன், முதல் நாள் போட்டபோது இருந்த மாதிரியே நின்றது. அப்போது எனக்கு நிஜமாகவே கை கூப்பத் தோன்றியது. இருபது வருடத்தில் என்னை ஜெயித்த முதல் சிஸ்டம் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆபீஸ் நண்பர்களோடு நான் விளையாடிய ஒரு சுடும் விளையாட்டு, லினக்ஸ் என்றாலே வாசலில் நிறுத்திவிடுகிறது. ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு அதை விட்டேன். அப்டேட்டுகள் கனமானவை, இணையத்தை நன்றாகத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டு என்பது நகல் ஆகாது. பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பே பழுதானால் பூட்டு என்ன செய்யும்? அதனால் அக்காவின் பெட்டியில் புதிய சிஸ்டத்தைப் போட்டபோது, தினம் ஒரு நகல் மெமரி கார்டில் விழும்படி செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். ஆரம்பப் பட்டியல் கொஞ்ச நேரம் திரையில் நிற்கும்படியும் செய்துவைத்தேன்.

அக்கா பெட்டியை வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தாள். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது, பக்கத்தில் அத்தானின் பிரஷர் மாத்திரை. ஒவ்வொரு தடவை போகும்போதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மேலே தூசி ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிறு அவளாகவே அதை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

“இத நீ தொட்டாக் கெடாதா?”

“நானே நெனச்சாலும் கெடுக்க முடியாதுக்கா.”

“காட்டு.”

கீபோர்டை இணைத்து, அவள் பார்க்கப் பார்க்கச் சிஸ்டத்தையே அழிக்கும் கட்டளையை அடித்தேன். பெட்டி மறுத்தது. இன்னொன்று அடித்தேன், அதற்கும் மறுத்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள், அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் தோற்பதைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று கேட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றாள். பட்டியலையும் காட்டினேன். மேல் வரி புதுசு, கீழ் வரி பழசு, சரியில்லை என்றால் கீழ் வரி. அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு வருடம் பூராவும் ஆயுத பூஜைதான் போல என்றார். இதைவிடச் சரியாக யாரும் எனக்கு அந்தச் சிஸ்டத்தை விளக்கியதில்லை.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது, அவள் ஒரு வரிசை முட்டைக்கோஸ் நட்டு முடித்திருந்தாள். கட்டைவிரல் அடம்பிடித்தது, அவளும் விடவில்லை. நான் ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஷா ஆலம் தாண்டும்வரை அழுதேன். எதிரில் இருந்த ஆன்டி ஒரு டிஷ்யூ கொடுத்தார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாமி அறையில் சாவிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கேம் பெட்டி, திரைக்கு மேல் பொட்டு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கற்பூரம் காட்டி முடித்ததும் அக்கா என் கையைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒரு விஷயம் வெளியே வந்தது. போன மாதம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பெட்டியில் சத்தமே வரவில்லையாம். கீழ் வரியை அழுத்தினாளாம், சத்தம் வந்துவிட்டதாம். பத்து நாள், ஒவ்வொரு தடவையும் கீழ் வரி. அப்புறம் இன்னொரு அப்டேட் வந்தது, அது சரியாக இருந்தது, மேல் வரிக்கு வந்துவிட்டாளாம். கிளினிக்கில் கம்ப்யூட்டர் நின்றால் வரும் மெக்கானிக்கைவிட அலட்சியமாகச் சொன்னாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைக்கு அடியில் எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் வீட்டில் ஒரு இயந்திரம் நின்று, எனக்குப் போன் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

“என்னையக் கூப்பிட்டிருக்கலாம்லக்கா?”

“கூப்பிட்டா வந்து தொடுவ.” என் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். “நாளைக்கு வா. சும்மா விளையாட வா.”

மறுநாளும் லீவு போட்டேன். என் கைப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். யூ.எஸ்.பி. இல்லை, கீபோர்டு இல்லை, ஸ்குரூடிரைவர் இல்லை. பை இவ்வளவு லேசாக இருந்து நான் கிள்ளானுக்குப் போனதில்லை. அக்கா மறுபூஜை போட்டு, பெட்டியை எடுத்து, முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அத்தான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து லோரியை நகர்த்தும் சத்தம் வாசலில் கேட்டது. நாங்கள் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பெட்டியைத் திறந்தோம். அவள் கட்டைவிரல் குச்சியை லாவகமாகத் தள்ளியது.

நான் அவள் நிலத்தில் போய் நின்றேன். எனக்குப் பெயர் முன்பே போட்டு வைத்திருந்தாள், தம்பி என்று. பத்து வரிசைக்கு மேல் முட்டைக்கோஸ், வேலிக்குப் பக்கத்தில் பசுக்கள், கிணறு. எல்லாவற்றையும் தாண்டி, தெற்கு மூலையில் நீலக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு.

“உன் வீடுதான்,” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மொதல்ல கட்டுன மாதிரியேதான் கட்டியிருக்கேன். உள்ள போய்ப் பாரு. ஒண்ணும் மாத்தாத.”

கதவைத் திறந்து உள்ளே போனேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கட்டில். கட்டில் சுவரோடு சேராமல் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. நான் அதை நகர்த்தவில்லை.